கட்சி அதே, தலைவர் வேற

கேள்வி: ஆளுங்கட்சி மாறாம தலைவர் மட்டும் மாறினா அரசோட கொள்கை மாறுமா சார்? (வாசகர், திருச்சி)

பதில்: மாறும்ங்க, கனடாவைப் பாருங்க, லிபரல் கட்சி பிரதமரா இருந்த ட்ரூடோவோட அரசு 2019ல கொண்டுவந்த கார்பன் வரி (காத்துல கார்பனைக் கலக்குற எரிபொருளுக்குப் போடுற வரி) பல மாகாணத்துல பெட்ரோல் போடுறப்ப லிட்டருக்கு 17 சென்ட் வரைக்கும் ஏறிடுச்சு, ஜனங்க செம கடுப்பு, ஆனா அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கல. அதே லிபரல் கட்சியோட மார்க் கார்னி 2025 மார்ச் 14 பிரதமரானாரு, அன்னைக்கே அதை நிறுத்த கையெழுத்து போட்டாரு, ஏப்ரல் 1லேர்ந்து பங்க்ல அந்த வரி கிடையாது! தேர்தல் வேற பக்கத்துல இருந்துச்சு இல்லையா. பெரிய தொழிற்சாலைகளுக்கான கார்பன் கட்டணத்தை மட்டும் கைவைக்கல. அந்த வரிப்பணத்துலேர்ந்து மூணு மாசத்துக்கொரு தடவை குடும்பங்களோட அக்கவுண்ட்ல திரும்ப வந்துட்டிருந்த பணமும் இதோட நின்னுபோச்சு, எனக்கு அதுலதான் ரொம்ப வருத்தம்.