தம்பி, அந்த 500 டொலரைக் கட்டாதீர்

தம்பி, உமது கேள்வியை இரண்டு தடவை படித்தேன். செப்டெம்பரில் ரொறன்ரோவுக்கு வந்திருக்கிறீர். களஞ்சியசாலையில் இரவு வேலை. இடைவேளையில் எல்லோரும் பேஸ்போலைப் பற்றியே பேசுகிறார்கள். ஆட்டமே நடக்காத இந்த ஜனவரியிலும் யாரை எத்தனை மில்லியனுக்கு எடுத்தார்கள் என்பதுதான் பேச்சு. உமக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். அறையில் கூட இருப்பவரோ, இந்த நகரத்து அணியான புளூ ஜேஸ் எடுத்திருக்கும் ஆட்களைப் பார்த்தால் இந்த ஆண்டு கிண்ணம் நிச்சயம், 500 டொலர் கட்டு என்கிறார். ஓர் அணி தேறுமா தேறாதா என்று எப்படிக் கணிப்பது என்று கேட்கிறீர். கூடவே பனிக்காலச் சப்பாத்து எங்கே மலிவு, பிரம்டனுக்கு இடம் மாறலாமா, கார்க் காப்புறுதி ஏன் இவ்வளவு என்றும் கேட்டிருக்கிறீர்.

சப்பாத்தை மலிவாக வாங்காதீர். பிரம்டன் உமது விருப்பம். காப்புறுதிக்காக 30 ஆண்டுகளாக நானே அழுதுகொண்டிருக்கிறேன். இனி அந்த 500 டொலருக்கு வருவோம்.

2012 நவம்பரில் புளூ ஜேஸ், மயாமி அணியிடமிருந்து ஹோசே ரேயஸ், மார்க் பர்லி, ஜோஷ் ஜோன்சன் என்று ஒரு பட்டியலையே வாரி எடுத்தது. டிசெம்பரில் நியூயோர்க் மெட்ஸிடமிருந்து ஆர். ஏ. டிக்கி வந்தார். தேசிய லீக்கின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை அந்த ஆண்டுதான் வாங்கியவர். வயது 38. அவருக்காகக் கைமாறிய இளைஞர்களில் நோவா சின்டர்கார்ட் என்ற பையனும் இருந்தான். அவன் பிறகு மெட்ஸுக்காக, கிண்ணத்தை முடிவுசெய்யும் உலகத் தொடரில் பந்து வீசினான். ஆனால் அந்த மார்கழிக் குளிரில் அவனை யார் நினைத்தார்கள்? 2013இன் உலகத் தொடரை வெல்லப்போகிறவர்கள் யாரென்று கேட்டால், பந்தயக்காரர்களின் பட்டியலில் எங்கள் அணிதான் தலையில் நின்றது. நான் அப்போது வேலை செய்த தொழிற்சாலையில் ஆளுக்கு 100 டொலர் போட்டார்கள். நான் நான்கு பங்கு எடுத்தேன். மனைவி கேட்டபோது ஊர்ச் சங்கத்துக்குக் கொடுத்தேன் என்றேன்.

ஏப்ரல் நடுப்பகுதிக்கு முன்பே, ரேயஸ் ஓடுபாதையின் இரண்டாம் தளத்துக்குச் சறுக்கிப் போய்க் கணுக்காலைத் திருகிக்கொண்டார். ஜோன்சன் 2 ஆட்டங்களை வென்று 8 ஆட்டங்களைத் தோற்றார். அணி 74 வெற்றி, 88 தோல்வி. ஐந்து அணிகள் உள்ள பிரிவில் ஐந்தாம் இடம். ஊர்ச் சங்கத்துப் பொருளாளர் ஒரு கல்யாண வீட்டில் என் மனைவிக்குப் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்ததை இங்கே விரிக்க விரும்பவில்லை.

அந்த அடியில்தான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். முதலில் இந்தக் குளிர்காலச் சந்தை எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளும். பெரிய லீக்கில் ஓர் ஆட்டக்காரர் ஆறு ஆண்டு சேவை முடிக்கும்வரை அணியின் கையில்தான். முதல் ஆண்டுகளில் சம்பளமும் குறைவு. 2025இல் ஆகக் குறைந்த சம்பளம் 760,000 அமெரிக்க டொலர். உமக்கும் எனக்கும் அது குபேர வாழ்வு, அவர்களுக்கு அடிமட்டம். ஆறு ஆண்டு முடிந்த பிறகே அவர் ‘ஃபிரீ ஏஜென்ட்’, யார் கூடக் கொடுக்கிறார்களோ அங்கே போகலாம். அதற்குள் பெரும்பாலானவர்களுக்கு 29, 30 வயது ஆகிவிடும். அடிப்பவர்களின் உச்சமோ 26இலிருந்து 28 வரை. ஆகவே குளிர்காலத்தில் பத்திரிகையில் படம் வரும் ஆட்களில் பலர், நேற்று அடித்ததற்கு நாளைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

கிட்டத்து உதாரணம் அந்தோனி சன்டான்டேர். 2024இல் பல்ரிமோருக்காக 44 ஹோம் ரன் அடித்தார், எங்கள் சிக்ஸர் மாதிரி. 2025 ஜனவரியில் 5 ஆண்டுக்கு 92.5 மில்லியன் கொடுத்து இங்கே எடுத்தார்கள். தோள்பட்டைக் காயம், ஆடியது 54 ஆட்டம், அடித்தது 6. அவரில் பிழை சொல்லவில்லை. ஒரு மனிதன் தன் வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டை முடித்த கையோடு அவனை வாங்கினால், அடுத்த ஆண்டு அதைவிடக் குறையத்தான் வாய்ப்பு அதிகம். பிள்ளை ஒரு தவணை கணக்கில் 98 எடுத்துவிட்டான் என்று பொறியியல் பீடத்தில் இடம் பிடித்துவைக்கிற தகப்பன்மாரை நீர் ஊரிலேயே பார்த்திருப்பீர்.

ஆனால் எண்ணை மேலோட்டமாகப் பார்ப்பதும் ஆபத்து. இந்தக் குளிர்காலம் டிலன் சீஸை 7 ஆண்டுக்கு 210 மில்லியனுக்கு எடுத்திருக்கிறார்கள். 2025இல் சன் டியேகோவுக்காகப் பந்து வீசி அவர் 8 வென்று 12 தோற்றவர், ஒன்பது இன்னிங்ஸுக்கு நாலரை ஓட்டம் விட்டுக்கொடுத்தவர், இவருக்கா இவ்வளவு என்று உமது இடைவேளை மேசையில் யாராவது நிச்சயம் கொதித்திருப்பார். அதே சீஸ் அதே ஆண்டில் 215 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், அதாவது பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றினார். வெற்றி தோல்வி என்பது பின்னால் நிற்கிற களத்தடுப்பையும் அடித்துக் கொடுக்கிற ஆட்களையும் பொறுத்தது. ஸ்ட்ரைக் அவுட் அவருடைய கையில் மட்டும் இருப்பது. ஐந்து ஆண்டாக ஒரு முறைகூட நீண்ட காயத்தில் படுக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாரும். எனக்கு அவரில் நம்பிக்கை இருக்கிறது. ஏழாவது ஆண்டைப் பற்றிக் கேட்காதீர், அப்போது அவருக்கு 36.

அடுத்தது, யாருடைய பெயர் பத்திரிகையில் வரவில்லை என்று பாரும். ஹோசே பட்டீஸ்டாவை 2008இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து கொண்டுவந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓர் ஆண்டில் 16 ஹோம் ரன்னுக்கு மேல் அடித்திராதவர் 2010இல் 54 அடித்தார். எர்னி கிளெமன்ட்டை 2023இல் ஓக்லண்ட் வேண்டாம் என்று விட்டது. அவர்தான் 2025இன் இறுதிச் சுற்றுகளில் 30 தடவை அடித்துத் தளம் ஏறிச் சாதனை வைத்தார். ட்ரே யெசாவேஜ், 22 வயது, 2025 வசந்தத்தில் கீழ் மட்ட லீக்கில் ஆடிக்கொண்டிருந்த பையன். ஒக்டோபரில் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸ் அணியின் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினான். 2024இல் இந்த அணி எடுத்தது எவ்வளவு தெரியுமா? அதே 74 வெற்றி, 88 தோல்வி, அதே கடைசி இடம். அடுத்த ஆண்டு 94 வெற்றி.

94 வென்ற அணியும் 68 தடவை தோற்றது, அதைக் கவனித்தீரா? கிரிக்கெட் கண்ணோடு பார்க்கிற எங்களுக்கு இதுதான் பிடிபடாது. பத்துத் தடவை துடுப்பெடுத்து மூன்று தடவை சரியாக அடித்தால் இங்கே அவர் ராசா. 162 ஆட்டம் ஆடினால்தான் நல்ல அணி எது, நோஞ்சான் அணி எது என்று ஓரளவுக்குத் தெளியும். கடைசியில் கிண்ணத்தை முடிவுசெய்வதோ ஒரு சில இரவுகள். நவம்பர் முதலாம் தேதி நீரும் பார்த்திருப்பீர். ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 4க்கு 3 என்று எங்கள் பக்கம், இன்னும் இரண்டு பேரை வெளியேற்றினால் போதும். பந்து வீசியவர் முந்தின குளிர்காலம் மூன்று ஆண்டுக்கு 33 மில்லியன் கொடுத்து எடுத்த ஜெஃப் ஹொஃப்மன். அடித்தவர் டொட்ஜர்ஸின் 36 வயது மிகெல் ரோஹாஸ், வரிசையில் ஒன்பதாவது ஆள். அவர் ஹோம் ரன் அடிப்பார் என்று எந்தக் கணக்குச் சொல்லும்? நான் வரவேற்பறையில் நின்றபடியே ஐந்து நிமிடம் பேசாமல் இருந்ததாக மகள் சொல்கிறாள்.

இப்போது அறைத் தோழருக்கு வருகிறேன். 2022 ஏப்ரலிலிருந்து ஒன்ராறியோவில் தனியார் இணையப் பந்தய நிறுவனங்களுக்கு அனுமதி. அன்று தொட்டு ஓர் இன்னிங்ஸ் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் நான்கு விளம்பரம். முன்பு எங்களுக்குச் சூது என்றால் ஆள் சேர்க்க வேண்டும், காசு கையில் இருக்க வேண்டும், வெட்கம் பிடுங்கித் தின்னும். இப்போது கழிவறையில் இருந்தபடி சம்பளத்தைத் தொலைக்கலாம். ஊரில் தாய் நகையை ஈடு வைத்து அனுப்பிய பிள்ளைகள் இப்படிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஆட்களிடம் இந்த விஷயத்தில் ஆலோசனையும் கேட்காதீர். இரண்டு வகையினர் இருக்கிறார்கள். 30 ஆண்டு இருந்துவிட்டு, இது பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஆடிய எல்லே தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒரு வகை. எல்லேயும் நல்ல விளையாட்டுத்தான், ஆனால் அதில் வளைந்து இறங்குகிற பந்து இல்லை. மற்ற வகை வந்து ஆறு மாதத்தில் நீல நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ‘நாங்கள் எடுத்திருக்கிறோம்’ என்று பன்மையில் பேசுகிறவர்கள். வீட்டு விலை உச்சத்தில் நின்றபோது, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்பதற்காக, விற்பவர் கேட்ட விலையைவிட ஒரு லட்சம் கூடக் கொடுத்து வாங்கியவர்களும் இவர்கள்தான்.

2023 டிசெம்பர் 8, ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்காபரோவில் நான் சாமான் வாங்கும் கடையில் வடை பொரிக்கிறவர் உட்பட எல்லோரும் ஒரு தொலைபேசியைச் சுற்றி நின்றார்கள். திரையில் குட்டி விமானம் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. கலிபோர்னியாவிலிருந்து ரொறன்ரோவுக்கு வருகிற தனியார் விமானம், உள்ளே பேஸ்போலின் பெரிய நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி, ஒப்பந்தம் எழுத வருகிறார் என்றார்கள். வடை கருகியது. விமானத்திலிருந்து இறங்கியவர் ஒரு கனேடிய வணிகர். ஓட்டானி மறுநாள் டொட்ஜர்ஸுக்குப் போவதாக அறிவித்தார், 10 ஆண்டுக்கு 700 மில்லியன். அதில் 680 மில்லியனை 2034இலிருந்துதான், வட்டி இல்லாமல், வாங்கப்போகிறார். இதைச் சீட்டைக் கடைசியாக எடுக்கிறவர் மாதிரி என்று கடையில் விளக்கினேன். அதற்குள் சீட்டுக்காரன் ஓடிவிட்டால் என்று ஒரு ஐயா கேட்டார்.

வயதைப் பாரும் என்று மேலே சொன்னேன். சொன்ன வாயால் இதையும் சொல்ல வேண்டும். 1992 டிசெம்பரில் புளூ ஜேஸ் 36 வயது போல் மொலிட்டரை மில்வோக்கியிலிருந்து எடுத்தது. அடுத்த ஆண்டு உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். அதே அணியில், முந்தின குளிர்காலம் வந்து 1992இல் 21 ஆட்டம் வென்ற ஜாக் மொரிஸ், 1993இல் 7 வென்று 12 தோற்றார்.

அந்த மொலிட்டரின் பெயரை நான் முதலில் கேட்டது ஒரு சமையலறையில். 1993இல் வந்த புதிதில், மைதானத்துக்குக் கிட்ட இருந்த உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினேன். மணிக்கூலி சொன்னதில் பாதிதான் கையில் வந்தது, அது வேறு கதை. தலைமைச் சமையற்காரர் வயதான போர்த்துக்கேயர். நான்கு சின்னத் தட்டுகளை மேசையில் தளங்கள் மாதிரிச் சாய்சதுரமாக வைத்து, ஒரு தேசிக்காயை உருட்டி எனக்கு ஆட்டத்தைப் படிப்பித்தார். தேசிக்காய் கீழே விழுந்தால் ஹோம் ரன். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்.

ஒக்டோபர் 23 இரவு, உலகத் தொடர். வானொலி அடுப்புக்கு மேலே தட்டில் இருந்தது. புளூ ஜேஸ் 6க்கு 5 என்று பின்னால் நின்றது. மொலிட்டர் தளத்தில் நிற்கிறார் என்று சமையற்காரர் விரலை உயர்த்தினார். ஜோ கார்ட்டர் அடித்தார். வானொலி கத்தியது, பிறகு முழு நகரமும் கத்தியது. கதவைத் திறந்து பார்த்தேன். ஆயிரக்கணக்கில் ஆட்கள் வீதியில் ஓடி வருகிறார்கள். கூட்டம் ஓடினால் ஏன் என்று கேட்காமல் நாங்களும் ஓடுவதுதான் ஊரில் படித்த பாடம். நான் உள்ளே ஓடி, உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் குந்திவிட்டேன். சமையற்காரர் வந்து என்னைத் தோளில் பிடித்துத் தூக்கினார். தரையில் கிடந்த தேசிக்காயை எடுத்துக் காட்டினார்.

யங் வீதி முழுக்க ஆட்கள். வாகனம் எதுவும் அசையவில்லை. ஏப்ரனைக் கழற்ற மறந்து அப்படியே வெலஸ்லிவரை நடந்தேன். யார் யாரோ கட்டிப் பிடித்தார்கள். பார்லிமென்ட் வீதிப் பக்கத்து மாடிக்கட்டடத்தில் ஓர் அறையில் நாங்கள் ஆறு பேர். மற்றவர்கள் விளக்கை அணைத்துவிட்டு, யன்னலோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன கலவரம் என்று கேட்டார்கள். ஒருவர் பந்தை வெளியே அடித்துவிட்டார் என்றேன். அதற்கா என்று கேட்டுவிட்டு, ஒருவர் விளக்கைப் போட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.