பருப்பில் வினிகர் ஊற்றும் ஊரில்

கேள்வி: மகன் ஜெர்மனியில் ட்யூபிங்கன் பக்கம் வேலையில் இருக்கிறான். வரும் மே மாதம் நாங்கள் இருவரும் போகிறோம். அவன் வீட்டுக்கு அருகே மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிற சாப்பாட்டுக் கடை இருக்கிறதாம், "அசல் ஜெர்மன் சாப்பாடு, கட்டாயம் கூட்டிப் போவேன்" என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் முட்டை வரைக்கும் சாப்பிடுவேன், கறி மீன் கிடையாது. வீட்டுக்காரர் மாடு, பன்றி தவிர எல்லாம் சாப்பிடுவார். அங்கே உட்கார்ந்து வெறும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டு வரவேண்டியதுதானா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, நீங்கள் போகிற ஊரும் நல்ல ஊர், மாதமும் நல்ல மாதம். உண்மையைச் சொன்னால் உங்களைவிட உங்கள் வீட்டுக்காரர் பாடுதான் திண்டாட்டம்.

என் மகள் ஷ்டுட்கார்ட் பக்கம் இருந்தபோது மூன்று மாதம் போய் இருந்தேன். குடும்பம் நடத்துகிற கடைக்கு அங்கே காஸ்ட்ஹவுஸ் என்று பெயர். பெரிய ஓட்டலை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், நம்ம ஊட்டி மார்க்கெட் பக்கத்து மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடுப்படியில் அம்மாவோ மகனோ, பீர் ஊற்றுகிற இடத்தில் அப்பா, தட்டு தூக்க மருமகள். மெனு இரண்டு பக்கம் தாண்டாது. மதியம் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்தால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் பற்றவைப்பார்கள், நடுவில் போய்க் கதவைத் தட்டிப் பிரயோஜனமில்லை. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ ரூஹேடாக் என்று பலகை தொங்கும், அன்றைக்கு லீவு. மகனை முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ட்யூபிங்கன் இருப்பது ஷ்வாபியப் பகுதி. பணக்காரச் சமையல் அல்ல, மாவும் முட்டையும் பருப்பும் கோஸும் உருளைக்கிழங்கும்தான் அதன் அஸ்திவாரம். கோத்தகிரிக்காரருக்கு இதில் என்ன புதுசு? ஷ்பெட்ஸ்லே என்று கேளுங்கள். மைதாவையும் முட்டையையும் அடித்து, கொதிக்கிற தண்ணீரில் சீவிப் போட்டு எடுக்கிற குட்டை குட்டையான நூடுல்ஸ். அதையே சீஸுடன் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயத்தைக் கொட்டித் தந்தால் கேஸ்ஷ்பெட்ஸ்லே. நான் முதல் முறை ஒரு முழுத் தட்டு வாங்கிவிட்டுப் பாதியில் திணறிப்போனேன், இருவருக்கு ஒன்று போதும். மே மாதம் என்பதால் இன்னொரு யோகமும் உங்களுக்கு உண்டு. ஷ்பார்கல் என்கிற வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுக்கு ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரைதான் சீசன், அந்தச் சமயத்தில் நாடே அதைப் பற்றித்தான் பேசும். அவித்த உருளைக்கிழங்கு, வெண்ணெயும் முட்டை மஞ்சள் கருவும் சேர்ந்த சாஸ் ஆகியவற்றோடு வரும். பக்கத்தில் பன்றித் தொடைக்கறித் துண்டுகள் வைத்துத் தருவது வழக்கம், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி, சைவம் போலத் தெரிந்து காலை வாரிவிடுகிற அயிட்டங்கள். சவர்க்ரவுட் என்கிற புளித்த கோஸைப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பு போட்டுத்தான் வேகவைப்பார்கள். வறுத்த உருளைக்கிழங்கில் ஷ்பெக் என்று பொடிப்பொடியாகப் பன்றிக்கறி கிடக்கும். தெற்கு ஜெர்மனியின் உருளைக்கிழங்கு சாலட்டில் மயோனைஸ் கிடையாது, சந்தோஷம், ஆனால் கறி வேகவைத்த சாறு ஊற்றியிருப்பார்கள்! பருப்போடு ஷ்பெட்ஸ்லே தருவது அந்தப் பகுதியின் பெருமை, பருப்பில் கொஞ்சம் வினிகர் விட்டுச் சாப்பிடுவார்கள், நம் புளிக்குழம்பு நாக்குக்கு உடனே பிடித்துப்போகும், ஆனால் அதிலும் ஷ்பெக் ஒளிந்திருக்கும், மேலே சாஸேஜும் வரும். மவுல்டாஷன் இன்னும் மோசம். தட்டையான கொழுக்கட்டை மாதிரி, உள்ளே கறியும் கீரையும். நோன்பு நாளில் சாமி கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று மடத்துத் துறவிகள் கறியை மாவுக்குள் மறைத்ததாக ஒரு கதை சொல்வார்கள். சாமியையே ஏமாற்றியவர்கள் உங்களை விட்டுவைப்பார்களா? "கறி வேண்டாம்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது, ஷ்பெக் இருக்கிறதா, கறிச் சாறு இருக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். குடும்பக் கடையில் அதுதான் வசதி, சமைத்த ஆளே வெளியே வந்து பதில் சொல்வார்.

வீட்டுக்காரருக்கு சாஸேஜ், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கறித்துண்டான ஷ்னிட்சல் இரண்டும் பெரும்பாலும் பன்றி. "வியன்னா ஷ்னிட்சல்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது சட்டப்படி கன்றுக்கறி. சவர்ப்ராட்டன் வினிகரில் நாள்கணக்கில் ஊறிய இறைச்சி, அதுவும் பெரும்பாலும் மாடு. ஆக மிஞ்சுவது கோழியும் ட்ரவுட் மீனும். ட்ரவுட் நமக்கு அந்நியமா என்ன, அவலாஞ்சியில் 1907-லேயே குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்தார்களே. அங்கே அதன் பெயர் ஃபொரெல்லே. மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்து முழுசாகத் தட்டில் வைப்பார்கள். முள் எடுக்கத் தெரிந்தவருக்கு அதைவிட என்ன வேண்டும்!

கேள்வி: தண்ணீருக்கும் காசு கேட்பார்களாமே? டிப்ஸ் எவ்வளவு வைக்க வேண்டும்?
- வாசகர், குன்னூர்

பதில்: கேட்பார்கள். வெறுமனே "தண்ணீர்" என்றால் கேஸ் ஏற்றிய சோடாத் தண்ணீர்தான் பாட்டிலில் வரும். "ஷ்டில்லஸ் வாஸர்" என்றால் கேஸ் இல்லாதது, அதற்கும் காசுதான். குழாய்த் தண்ணீர் கேட்டால் சில இடங்களில் முகம் சுருங்கும். நான் ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த ஆப்ஃபெல்ஷோர்லேவுக்கு மாறிவிட்டேன், விஷயம் முடிந்தது.

டிப்ஸைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து வருகிற பழக்கம் அங்கே இல்லை. பில் 46 யூரோ என்றால் காசு கொடுக்கும்போதே "50" என்று சொல்லிவிட வேண்டும், மீதி அவர்களுக்கு. அதற்கு ட்ரிங்க்கெல்ட் என்று பெயர், 'குடிக்கிற காசு'. நம்மூரில் டீக்காசு கொடுப்பதில்லையா, அதே கணக்கு. சேர்த்தா தனித்தனியா என்றும் கேட்பார்கள். கார்டு வாங்காத கடைகள் இன்னும் இருப்பதால் கையில் கொஞ்சம் நோட்டு இருக்கட்டும்.

ஒரு மேஜை விஷயத்தில் மட்டும் நான் பட்ட அவமானம் உங்களுக்கு வேண்டாம். மூலையில் நல்ல அகலமான மேஜை காலியாக இருக்கிறதே என்று போய் உட்கார்ந்துவிட்டேன். நாலு பெரியவர்கள் வந்து சுற்றி நின்று சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள், ஒன்றும் சொல்லவில்லை, மகள் ஓடி வந்து கையைப் பிடித்து எழுப்பினாள். அது ஷ்டாம்டிஷ், தினம் வருகிற உள்ளூர்க்காரர்களின் மேஜை. டீக்கடை பெஞ்சில் ஊர்ப் பெரியவர் உட்காருகிற இடம் மாதிரி. மேஜை நடுவில் அந்தப் பெயர் எழுதி ஒரு பித்தளைப் பலகை இருந்தது, எனக்கு எங்கே படிக்கத் தெரிந்தது?

கேள்வி: கோடையில் சீசனுக்கு வருகிறவர்கள் எல்லாம் பிளாக் ஃபாரஸ்ட் கேக் கேட்கிறார்கள். நாம் சாப்பிடுவது அசல்தானா?
- வாசகி, கொடைக்கானல்

பதில்: பெயர் அசல். ஜெர்மனியில் அந்தக் கேக்கில் செர்ரிப் பழத்திலிருந்து வடித்த கிர்ஷ்வாஸர் என்கிற சாராயத்தின் ருசி நன்றாகத் தெரிய வேண்டும் என்று விதியே உண்டு. நம்முடையது சர்க்கரைப் பாகில் ஊறிய செர்ரியும் க்ரீமும். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, குழந்தைகளுக்கும் கொடுக்கலாம்.

கேள்வி: ஷ்பெட்ஸ்லே, புளித்த கோஸ் இரண்டையும் வீட்டில் செய்ய முடியுமா? மெஷின் ஏதும் வாங்க வேண்டுமா?
- வாசகி, ஊட்டி

பதில்: தேன்குழல் அச்சு இருக்கிறதா? முடிந்தது. இடியாப்ப அச்சு வேண்டாம், துளை சின்னது. 400 கிராம் மைதா, 4 முட்டை, ஒரு ஸ்பூன் உப்பு, ஏறக்குறைய 150 மில்லி தண்ணீர். குமிழி வருகிற வரை கரண்டியால் அடித்துக்கொண்டே இருங்கள், கை வலிக்கும், வலிக்கத்தான் வேண்டும். கால் மணி நேரம் ஊறவிட்டு, உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் பிழியுங்கள். மிதந்து மேலே வந்ததும் அரித்து எடுக்கலாம். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதனால் மிதந்த பிறகும் ஒரு நிமிஷம் கூட விட்டு எடுங்கள்.

கோஸுக்கு ஒரு கிலோவுக்கு 20 கிராம் உப்பு. அயோடின் சேராத கல் உப்பாக இருந்தால் நல்லது. மெல்லிசாக அரிந்து, உப்பைப் போட்டுத் தண்ணீர் விடுகிற வரை பிசைந்து, ஜாடியில் அழுத்தி, மேலே கழுவிய கல்லை வைத்துவிடுங்கள். கோஸ் எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். மேட்டுப்பாளையத்தில் சீக்கிரம் புளிப்பது ஊட்டிக் குளிரில் ஐந்தாறு வாரம் எடுக்கும். முதல் வாரம் வாடையைப் பார்த்து வீட்டில் சண்டை வரலாம், ஜாடியைத் திண்ணைக்கு மாற்றிவிடுங்கள்.

நம் மலைக்கு ஜெர்மன்காரர்கள் புதிதல்ல. 1846-லேயே கேத்தியில் பாசல் மிஷன் என்கிற கிறிஸ்தவ ஊழியச் சபை காலூன்றிவிட்டது, அந்த மிஷனில் பலர் இதே ஷ்வாபியப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மலை முழுக்கக் கோஸ் விளைகிற ஊரில் சவர்க்ரவுட் மட்டும் ஒட்டாமல் போய்விட்டது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

கேள்வி: சப்பென்று இருக்குமாமே, கையோடு ஊறுகாய் கொண்டு போய்க் கடையில் வைத்துச் சாப்பிடலாமா?
- வாசகர், கூடலூர்

பதில்: வீட்டில் வைத்துச் சாப்பிடுங்கள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிற அந்த அம்மாவின் முன்னால் வேண்டாம், உங்கள் வீட்டுச் சாம்பாரில் விருந்தாளி சாஸ் ஊற்றினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? காரம் வேண்டுமானால் மேர்ரெட்டிஷ் என்று ஒரு கிழங்குத் துருவல் கேளுங்கள். நாக்கில் ஒன்றும் தெரியாது, இரண்டு நொடி கழித்து மூக்கு வழியாக ஏறும்.