கூச்ச சுபாவம் இருந்தா வக்கீல் ஆக முடியாதா?

அம்பாசமுத்திரம் அண்ணாச்சிக்கு,

மகள் சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள், ஆனால் "வீட்டுக்கு ஆள் வந்தா உள்ள போயிருவா, அவ ஆச்சி மாதிரியே, பிறவிக்குணம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

பிறவிக்குணம் என்ற அந்தச் சொல்லை முதலில் ஒதுக்கி வையுங்கள். யாரையாவது திட்டும்போதும், இனித் திருந்தாது என்று கைகழுவும்போதும்தான் பெரும்பாலும் நாம் அதை எடுக்கிறோம். உங்கள் மகளுக்கு இருப்பது கூச்ச சுபாவம். சுபாவம் ஆள் பார்த்து, இடம் பார்த்து மாறும். தம்பியோடு சண்டை வந்தால் அவளைப் பேசி ஜெயிக்க முடியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே!

திறமை வேறு. "சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்" என்று பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். அந்த வெண்பா கடைசியில் பிறவிக்குணம் என்று சொல்வது நட்பு, தயை, கொடை மூன்றைத்தான். பேச்சு பழக்கத்தின் கணக்கில்தான் வருகிறது.

நான் பார்ப்பது நாட்டத்தை. யாரும் சொல்லாமலே பிள்ளை எதில் போய் உட்காருகிறது? பூர்வீக வயலின் பத்திரத்தை மூலப் பத்திரத்தோடு வைத்து நான்கு மாலையும் (எல்லைகளையும்) ஒப்பிட்டு, கீழ்மால் (கிழக்கு எல்லை) தப்பாக இருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போதும். வில்லங்கம் பார்ப்பது, பேங்குக்கு லீகல் ஒப்பீனியன் கொடுப்பது, பிராது (வழக்கு மனு) எழுதுவது என்று சிவில் வக்கீலின் வேலையில் பெரும்பகுதி மேசையில்தான் நடக்கிறது. குரலை உயர்த்துவதெல்லாம் சினிமாவில்தான் அதிகம்.

திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியிலேயே 5 ஆண்டுப் படிப்பு இருக்கிறது. பிளஸ் டூவில் எந்தக் குரூப் என்றாலும் விண்ணப்பிக்கலாம். இந்தக் கல்லூரிக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் ஒதுக்குகிறது. கிளாட் தேர்வு தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு, இதற்கு வேண்டாம். படிப்பில் மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றத்தில் வாதாடிப் பழகுவது) கட்டாயம் என்பதால் கூச்சம் பைய விலகும்.

கோர்ட்டுக்கு லீவு விடுமுன் ஒருநாள் அம்பாசமுத்திரம் கோர்ட்டில் அவளை உட்கார வையுங்கள். பொதுவாக விசாரணையை யாரும் பார்க்கலாம். வந்ததும் துருவிக் கேட்காதீர்கள், அவளாக என்ன சொல்கிறாள் என்று கவனியுங்கள். விருந்தாளி முன்னால் "இவ வாயே தொறக்க மாட்டா" என்பதை மட்டும், அண்ணாச்சி, இன்றோடு விட்டுவிடுங்கள்.