நெய்த கேட் ஏன் தொங்கிப்போகிறது?

கேள்வி: நான் நெசவுக் கலைஞர். என் பணிக்கூடத்தின் நுழைவாயிலுக்கு, உலோகத்தையே பாவும் ஊடையுமாக, அதாவது நெடுக்கும் குறுக்குமாக, நெய்து ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒற்றைக் கதவு கேட் ஒன்றை வடிவமைத்திருக்கிறேன். நெசவே கதவைத் தாங்கிக்கொள்ளும் என்று எண்ணிச் சட்டத்தை மிக மெல்லியதாக வரைந்தேன். வெல்டிங் செய்பவர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அவர் சொல்வதே சரி. அதற்கான காரணமோ அவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கக்கூடியது. துணியைப் பாவின் போக்கிலோ ஊடையின் போக்கிலோ இழுத்தால் அது எளிதில் நீளாது. தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் மூலைவாக்கில் இழுத்தால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று திரும்பிக்கொள்ள, துணி தாராளமாக இழுபடும். ஒரு பக்கம் மட்டும் கீலில் தொங்கும் கேட்டை அதன் சொந்த எடையே இந்த மூலைவாக்கில்தான் இழுக்கிறது. ஆகவே பட்டைகள் வெறுமனே ஒன்றையொன்று தாண்டிச் செல்லும் கதவு நாளடைவில் சரிந்து, தாழ்ப்பாள் பக்கம் தரையில் உரசத் தொடங்கும். சட்டத்தைச் சதுரக் குழாயில் உறுதியாகச் செய்து, கீல் பக்கத்துக் கீழ்மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலைக்கு ஒரு சாய்வுத் தாங்கியைப் பொருத்துங்கள். அது நெசவின் அழகைக் கெடுக்கும் என்று அஞ்சினால் உட்புறமாக வைத்துக்கொள்ளலாம். என் விருப்பமோ, அதை மறைக்காமல் வடிவத்தின் ஒரு பகுதியாகவே காட்டிவிடுவது.

நெசவைப் பொறுத்தவரை, நூலில் இரு இழைகளும் வளைந்து கொடுப்பது போல உலோகத்தில் எதிர்பார்க்க வேண்டாம். பட்டையின் தடிப்பு இரு மடங்கானால் அதை வளைக்க எட்டு மடங்கு விசை தேவைப்படும் என்பதால், 12 மில்லிமீட்டர் உருட்டுக் கம்பிகளைப் பாவாக நேராக நிறுத்தி, ஒன்றரை மில்லிமீட்டருக்கு மிகாத பட்டைகளை மட்டும் ஊடையாக வளைத்துச் செலுத்துவதே கைக்கு அடங்கும் வேலை. கம்பிகளுக்கு 120 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், வளைவுக்காக ஒவ்வொரு பட்டைக்கும் கூடுதலாக வேண்டியது 10 மில்லிமீட்டர் அளவே. சட்டத்தோடு பற்றவைக்கும் முனைகளுக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டைகளின் விளிம்புகளை நெய்வதற்கு முன்பே அரத்தால் மழுக்கிவிட வேண்டும். நெய்த பிறகு அரம் உள்ளே நுழையாது.

கேள்வி: இடையிடையே செம்புப் பட்டைகளைச் சேர்க்கலாமா?

பதில்: இரும்போடு சேர்க்க வேண்டாம். மழைநீர் பட்டும் இரு உலோகங்களும் தொட்டுக்கொண்டும் இருக்கும் இடத்தில் செம்பு தப்பிக்க, இரும்பு விரைந்து அரிபடும். நெசவின் ஒவ்வொரு சந்திப்பும் நீரைத் தேக்கிவைக்கும் இடுக்காக இருப்பதாலும், பின்னர் பூசும் பெயிண்ட் அந்த இடுக்குக்குள் போகாததாலும், நிலைமை இன்னும் மோசமாகும். பாவு, ஊடை, சட்டம் ஆகிய மூன்றையும் துருப்பிடிக்காத எஃகிலேயே செய்து, நிற வேறுபாட்டைப் பட்டைகளின் அகலத்திலும், சிலவற்றை மெருகேற்றிச் சிலவற்றை மங்கலாக விடுவதிலும் கொண்டுவரலாம்.