திர்ஹமும் ரூபாயும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்தும், அங்கே வேலை பார்ப்போரின் வீடுகளிலிருந்தும் வந்தவை. ஆகவே பதில்களும் அந்த ஒரு நாட்டைச் சுற்றியே அமைகின்றன. எவ்வளவு சம்பாதிக்கிறோம் என்று கணக்கு வைத்திருப்பவர்கள்கூட, அந்தப் பணம் யார் பெயரில், எந்த வகைக் கணக்கில் வந்து விழுகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுவதை இக்கடிதங்கள் காட்டுகின்றன.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். ஊரில் இருந்தபோது திறந்த பழைய சேமிப்புக் கணக்குக்கே மாதந்தோறும் பணம் அனுப்புகிறேன். அது சட்டப்படி தவறு, பெரிய அபராதம் விழும் என்று அறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
— வாசகர், ஷார்ஜா

தவறு என்பது உண்மை. ஆனால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, வேலைக்காக நாட்டை விட்டுப் புறப்படும் ஒருவர் புறப்பட்ட நாளிலிருந்தே வெளிநாடுவாழ் இந்தியராகிவிடுகிறார். வருமான வரிச் சட்டம் வேறு கணக்குப் போடுகிறது. அங்கே ஒரு நிதியாண்டில் இந்தியாவில் தங்கிய நாட்களை எண்ணி, பொதுவாக 182 நாள் என்ற கோட்டை வைத்து முடிவு செய்கிறார்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ‘இன்னும் வருடம் முடியவில்லையே, பழைய கணக்கே இருக்கட்டும்’ என்று விட்டுவிடுபவர்கள் ஏராளம். சட்டம் மீறப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது என்பதால்தான் உங்கள் அறைத்தோழர்கள் அச்சுறுத்துகிறார்கள். நடைமுறையில், தாமாகவே வங்கிக்குச் சென்று நிலை மாறிவிட்டது என்று தெரிவிப்பவரிடம் கடவுச்சீட்டு, விசா, வெளிநாட்டு முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களை வாங்கிக்கொண்டு, பழைய கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான இரு கணக்கு வகைகளில் ஒன்றான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிடுகிறார்கள்.

அந்த மாற்றத்தோடு நின்றுவிடாதீர்கள். சம்பளப் பணத்துக்கென்று தனியே, வெளிநாட்டு வருமானத்துக்கான இன்னொரு வகையான என்.ஆர்.இ. கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். என்.ஆர்.ஓ. கணக்கு என்பது வீட்டு வாடகை, நிலக் குத்தகை, ஓய்வூதியம் போன்று இந்தியாவிலேயே கிடைக்கும் வருமானத்துக்கானது. அதன் வட்டியில் 30 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் வங்கியே பிடித்துக்கொள்ளும். அங்கே சேர்ந்த பணத்தை மறுபடி வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டுமானால் ஆடிட்டர் சான்றும் படிவங்களும் தேவைப்படுவதோடு, நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்ற உச்சவரம்பும் உண்டு. என்.ஆர்.இ. கணக்கிலோ வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, அசலும் வட்டியும் எந்த நேரமும் தடையின்றி வெளியே போகலாம். அதே சம்பளம், பணம் அனுப்பும் அதே எக்ஸ்சேஞ்ச் நிறுவனம், அதே ரசீது. கணக்கு எண் ஒன்று மாறுவதால் மட்டும் இவ்வளவு வேறுபாடு உண்டாகிறது. ஆனால் என்.ஆர்.இ. வைப்புத்தொகையை ஓராண்டுக்குள் முறித்தால் வட்டி ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. ஆகவே, அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை அதில் பூட்டிவிடக் கூடாது.

பி.பி.எஃப். என்னும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஏற்கெனவே இருந்தால் முதிர்வு வரை தொடரலாம். அதற்குப்பின் நீட்டிக்க முடியாது, புதிதாகத் திறக்கவும் முடியாது.

கேள்வி: என் கணவர் துபாயிலிருந்து என் கணக்குக்கு மாதம் 60,000 ரூபாய் அனுப்புகிறார். வீட்டுச் செலவு போக மிச்சத்தை என் பெயரிலேயே வைப்புத்தொகையாகப் போட்டு வருகிறேன். இவ்வளவு பணம் வருவதால் எனக்கு வருமான வரி வரும் என்று பக்கத்து வீட்டு ஆசிரியர் சொல்கிறார்.
— வாசகி, பட்டுக்கோட்டை

கணவர் மனைவிக்கு அனுப்பும் பணம் மனைவியின் வருமானம் ஆகாது. எவ்வளவு பெரிய தொகையானாலும் அதற்கு வரி இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோருக்கு அனுப்புவதற்கும் இதே விதிதான். ஆசிரியர் சொன்னது அந்த அளவில் சரியில்லை என்றாலும், அவர் கவலைப்பட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் பணத்தை வைப்புத்தொகையாகப் போட்டுக் கிடைக்கும் வட்டி வரிக்குரியது. அதிலும், கணவர் கொடுத்த பணத்திலிருந்து மனைவிக்கு வரும் வட்டியைக் கணவரின் வருமானத்தோடு சேர்த்தே வருமான வரிச் சட்டம் கணக்கிடுகிறது. அதாவது, துபாயில் இருந்துகொண்டு இந்தியாவில் வரி கட்ட வேண்டிய அவசியமே இல்லாதிருந்த ஒருவருக்கு, வீட்டாரின் சிக்கனம் ஒரு வரிக் கணக்கைத் தேடிக் கொடுத்துவிடக்கூடும்.

ஆகவே, செலவுக்கு வேண்டியதை மட்டும் உங்கள் கணக்குக்கு வரவழைத்துக்கொண்டு, சேமிப்பை அவர் பெயரில் உள்ள என்.ஆர்.இ. வைப்பில் வைப்பதே ஆதாயமானது. ‘அவசரத்துக்கு நான் எப்படி எடுப்பது?’ என்று அடுத்த கேள்வி வரும். கணவர் வங்கிக்கு ஓர் அதிகாரக் கடிதம் கொடுத்தால், உள்ளூர்ச் செலவுகளுக்கு அந்தக் கணக்கிலிருந்து நீங்கள் பணம் எடுக்கலாம். நெருங்கிய உறவினர் என்ற முறையில், முதல் பெயருடையவர் அல்லது அவருக்குப்பின் இருப்பவர் என்ற அடிப்படையில் உங்களைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்கவும் முடியும். எதைச் செய்தாலும், நியமனதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்திய சிம் கார்டு இல்லாமல் அமீரக எண்ணிலேயே யூ.பி.ஐ. பயன்படுத்த முடியுமா?
— வாசகர், அஜ்மான்

முடியும். 2023ஆம் ஆண்டு அனுமதிக்கப்பட்ட பத்து நாடுகளின் எண்களில் அமீரகமும் ஒன்று. ஆனால் அந்த எண் உங்கள் என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். உங்கள் வங்கியும் இந்த வசதியைத் தர வேண்டும்.

கேள்வி: எங்கள் முகாமில் ஒருவர் உண்டியல் (ஹவாலா) மூலம் அனுப்பினால் திர்ஹத்துக்கு 20 பைசா கூடுதலாகத் தருகிறார். ஒரு மணி நேரத்தில் ஊரில் கணக்கில் ஏறிவிடுகிறது. இதில் என்ன ஆபத்து இருக்கிறது?
— வாசகர், துபாய்

முதலில் அந்த 20 பைசாவைக் கணக்குப் பார்ப்போம். மாதம் 2,000 திர்ஹம் அனுப்பினால் கூடுதலாகக் கிடைப்பது 400 ரூபாய். அந்த 400 ரூபாய்க்காக, இந்தியாவில் சட்டத்துக்குப் புறம்பான, அமீரகத்திலும் பதிவு பெறாமல் நடத்தினால் குற்றமாகிற ஒரு வழியில் உங்கள் வீட்டாரின் வங்கிக் கணக்கை இழுத்து விடுகிறீர்கள். உண்டியலில் நீங்கள் கொடுத்த திர்ஹம் எங்கோ நின்றுவிடுகிறது. ஊரில் ஏறும் பணம் முன்பின் அறியாத வேறொருவர் கணக்கிலிருந்து வருகிறது. அந்த வேறொருவரின் கணக்கில் இணைய மோசடியில் பறிகொடுத்தவர் யாருடைய பணமாவது புகுந்திருந்தால், புகார் போன தடத்தைப் பின்பற்றிக் காவல் துறை உங்கள் மனைவியின் கணக்கையோ தாயாரின் கணக்கையோ முடக்கச் சொல்லும். பிறகு எங்கோ ஒரு மாநிலத்தின் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதி, ‘இது என் மகன் உழைத்த பணம்’ என்று நிரூபிக்க வேண்டிய நிலை வயதானவர்களுக்கு ஏற்படும். நிரூபிக்க உங்களிடம் ரசீது இருக்காது என்பதுதான் கொடுமை. நாளை வீடு வாங்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாலும் காட்டுவதற்கு ஒன்றும் இராது.

முறையான வழியிலேயே அந்த 400 ரூபாயில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தலாம். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் பெரும்பாலும் ஒரு பரிமாற்றத்துக்கு இவ்வளவு என்று வாங்கப்படுவதால், மாதம் மூன்று முறை சிறுசிறு தொகையாக அனுப்புவதை ஒரே முறையாக்குங்கள். பலகையில் தெரியும் விலையை மட்டும் பார்க்காமல், ‘கட்டணம் எல்லாம் போக என் கணக்கில் எத்தனை ரூபாய் ஏறும்?’ என்று கேட்டு இரண்டு மூன்று இடங்களை ஒப்பிடுங்கள். திர்ஹம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்ற விலையில் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே திர்ஹம் ஏறும், இறங்கும் என்று காத்திருப்பது உண்மையில் டாலருக்கு எதிராக ரூபாய் என்ன ஆகும் என்று காத்திருப்பதுதான். அது தெரிந்தவர்கள் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வரிசையில் நிற்க மாட்டார்கள்.

கேள்வி: மனைவியையும் மகனையும் துபாய்க்கு அழைத்துவரப் போகிறேன். ஆண்டு வாடகை 60,000 திர்ஹம், நான்கு காசோலை என்கிறார் தரகர். கையில் எவ்வளவு இருந்தால் குடியேறலாம்? காசோலை திரும்பினால் சிறை என்பது இன்னும் உண்டா?
— வாசகர், துபாய்

மாதம் 5,000 திர்ஹம்தானே என்று எண்ணி வருபவர்கள் முதல் நாளிலேயே திணறுவது இங்கேதான். முதல் காசோலை 15,000. சாமான்கள் இல்லாத வீட்டுக்கு வழக்கமாக வாங்கும் 5 விழுக்காடு முன்பணம் 3,000. தரகுக் கூலி 5 விழுக்காடு என்று வைத்தால், மதிப்புக் கூட்டு வரியோடு 3,150. மின்சாரம், தண்ணீருக்காகத் தேவா நிறுவனத்தில் அடுக்குமாடி வீட்டுக்குக் கட்ட வேண்டிய வைப்பு 2,000. ஆக 23,150 திர்ஹம், வாடகை ஒப்பந்தத்துக்கான இஜாரி பதிவுக் கட்டணம் நீங்கலாக. கட்டில், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அதற்குமேல். ஆண்டு வாடகையில் 5 விழுக்காட்டை நகராட்சிக் கட்டணமாக மாதம் பிரித்து மின் கட்டணத்தோடு சேர்த்து வாங்குவார்கள். உங்களுக்கு அது மாதம் 250 திர்ஹம். முதல் மின் கட்டணச் சீட்டைப் பார்த்துப் பதறிப்போய்ப் புகார் செய்யப் போகிறவர்கள் சீட்டில் அந்தக் கட்டணம் சேர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். குடும்ப விசாவுக்குச் சம்பளம் குறைந்தது 4,000 திர்ஹம், அல்லது நிறுவனமே தங்குமிடம் தந்தால் 3,000 இருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

காசோலையைப் பொறுத்தவரை, 2022 ஜனவரியில் சட்டம் தளர்ந்தது. கணக்கில் பணம் போதாமல் திரும்பும் காசோலை இப்போது பெரும்பாலும் குற்றவியல் வழக்காவதில்லை. ஆனால் அதைக் கேட்டு நிம்மதியடைய வேண்டாம். காசோலை வைத்திருப்பவர் நேராக நீதிமன்றத்தில் வசூல் நடவடிக்கையைத் தொடங்கலாம்; கணக்கில் இருக்கும் பகுதிப் பணத்தையும் வங்கி கொடுத்துவிடும்; ஏமாற்றும் நோக்கத்தோடு கணக்கை மூடினாலோ பணத்தை எடுத்துவிட்டாலோ குற்றம் குற்றமாகவே நிற்கிறது. நான்கு காசோலைகளின் தேதியையும் சம்பளம் ஏறும் தேதிக்கு நான்கைந்து நாள் தள்ளிப் போட்டுக்கொள்ள வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், நம்மவர்கள் கேட்பதில்லை.

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற காரைக்குடி மனையை அண்ணனும் தங்கையும் நானும் விற்க முடிவு செய்திருக்கிறோம். நான் அபுதாபியில் இருக்கிறேன். விடுமுறை கிடைக்காது. பவர் பத்திரம் கொடுத்தால் போதுமா? வரி எவ்வளவு?
— வாசகர், அபுதாபி

போதும். அபுதாபி இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரத்தை அண்ணனுக்கு அனுப்புங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். பொது அதிகாரம் தர வேண்டாம். சர்வே எண், பரப்பளவு, எல்லைகள் குறிப்பிட்டு, இந்த ஒரு மனையில் உங்கள் பங்கை விற்பதற்கு மட்டும் என்று தனி அதிகாரமாகவே கொடுங்கள். அண்ணன் மீதுள்ள நம்பிக்கைக் குறைவால் இதைச் சொல்லவில்லை. பின்னாளில் யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டிய நிலை வராதிருப்பது உறவுக்கு நல்லது.

வரியில்தான் மூவருக்கும் ஒரே அளவு அல்ல. உங்கள் பங்குக்கு மட்டும், வாங்குபவர் வெளிநாடுவாழ் இந்தியருக்குரிய விகிதத்தில் வரி பிடிக்க வேண்டும். நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு அது 12.5 விழுக்காடும் அதன்மேல் தீர்வைகளும். இலாபத்துக்குத்தான் வரி என்றாலும், குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே நீங்கள் பெறாவிட்டால், பங்கின் முழு விலையிலும் கணக்கிட்டுப் பிடித்துவிடுவார்கள். மிகையாகப் போனதைத் திரும்பப் பெறக் கணக்குத் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். அப்பா 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய மனை என்றால், அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதியின் நியாயமான சந்தை மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம் என்பதால் மதிப்பீட்டாளரிடம் ஓர் அறிக்கை வாங்கி வைப்பது பயன் தரும். விற்ற பணம் உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கு வரட்டும். பத்திரம் எழுதும்போதே அண்ணன் கணக்கில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்கு மட்டும் இணங்காதீர்கள்.

கேள்வி: ஆறு ஆண்டு வேலைக்குப்பின் விசாவை ரத்து செய்துவிட்டு ஊர் திரும்புகிறேன். அடிப்படைச் சம்பளம் 3,000 திர்ஹம், மொத்தம் 5,500. கிராஜுவிட்டி (பணிக்கொடை) எவ்வளவு வரும்? கிளம்பும் முன் என்னென்ன முடிக்க வேண்டும்?
— வாசகர், ஷார்ஜா

கணக்கு அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான், 5,500ஐ மறந்துவிடுங்கள். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள். நாள் ஒன்றுக்கு 100 திர்ஹம் வீதம் 105 நாளுக்கு 10,500, ஆறாம் ஆண்டுக்கு 3,000, மொத்தம் 13,500 திர்ஹம். சம்பளமில்லா விடுப்பு நாட்கள் கழியும். ஒப்பந்தம் முடிந்த 14 நாட்களுக்குள் நிறுவனம் எல்லா நிலுவையையும் தர வேண்டும். கைக்கு வரும்முன் ‘எல்லாம் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்திடாதீர்கள்.

கடனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தால், கிராஜுவிட்டி கணக்கில் ஏறியதும் வங்கி அதை நிறுத்தி வைக்கக்கூடும். ஆகவே முதலில் அவற்றை முடித்து, பாக்கியில்லை என்ற கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஊருக்கு நிரந்தரமாகத் திரும்பியதும் என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றச் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வைப்புத்தொகை முதிர்வு வரை அதே வட்டியில் தொடரும் என்றாலும், அந்த வட்டிக்கிருந்த வரிவிலக்கு திரும்பியதோடு போய்விடும். அமீரக சிம் கார்டைக் கடைசியாக ரத்து செய்யுங்கள். இந்திய வங்கிகளில் பதிவாகியிருப்பது அந்த எண் என்றால், புதிய எண்ணைப் பதிந்து, அதற்கு ஓ.டி.பி. வருகிறது என்று ஒரு முறை சரிபார்த்த பிறகே அதைத் துண்டிக்கலாம்.