அல்ப் துவேஸுக்கு இரண்டு முறை ஏன்? – 2026 டூர் டி பிரான்ஸ் பாதை பற்றிய கேள்வி பதில்

ஞாயிறு காலை சைக்கிள் ஓட்டி முடித்து, கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே நாங்கள் தேநீருக்கு நிற்கும்போதெல்லாம் இப்போது ஒரே பேச்சுதான். ஜூலை 4 அன்று பார்சிலோனாவில் தொடங்கி ஜூலை 26 அன்று பாரிசில் முடியும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம்: 21 கட்டங்கள் (ஒரு கட்டம் என்பது ஒரு நாள் ஓட்டம்), 3,333 கி.மீ., ஏறவேண்டிய மொத்த உயரம் 54,450 மீட்டர். பாதை 2025 அக்டோபர் 23 அன்று வெளியானது. அன்று மூண்ட வாக்குவாதம் இன்னும் அடங்கவில்லை. புதுச்சேரியிலும் கடலூரிலும் உள்ள நண்பர்கள் எழுதித் தந்த கேள்விகளுக்கு, இந்தப் பந்தயத்தை நெடுங்காலமாகப் பின்தொடர்பவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் ஆசிரியர்: ஐயா, பிரான்சில் மலைகளுக்கா பஞ்சம்? 19-ஆம் கட்டமும் ஆல்ப்ஸ் மலை ஊரான அல்ப் துவேஸில் முடிகிறது, மறுநாள் 20-ஆம் கட்டமும் அங்கேயே முடிகிறது. இது கற்பனை வறட்சி இல்லையா?

பாதை வெளியான அன்று எனக்கும் இதே எரிச்சல் வந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்ததும் என் எண்ணம் மாறிவிட்டது. முடியும் ஊர் ஒன்றுதான், ஏறும் சாலைகள் வேறு. வெள்ளிக்கிழமை காப் நகரிலிருந்து 128 கி.மீ. மட்டுமே. கடைசியில் எல்லோரும் அறிந்த அந்த 21 கொண்டை ஊசி வளைவுகள். 13.8 கி.மீ. தொலைவு, சராசரி ஏற்றம் 8.1 சதவீதம். அது குறுகிய, மூர்க்கமான நாள். கால் வலு உள்ளவன் அடித்துவிட்டுப் போவான்.

சனிக்கிழமை அப்படியல்ல. அடிவாரத்து பூர் துவாசானில் புறப்பட்டு 171 கி.மீ. சுற்றிவர வேண்டும். குருவா த ஃபேர், தெலெகிராஃப், கலிபியே என்று மூன்று கணவாய்களைத் தாண்டி, நான்காவதாக சாரென் கணவாய் வழியாகப் பின்பக்கமாக அல்ப் துவேஸுக்குள் நுழைகிறார்கள். ஒரே நாளில் சுமார் 5,600 மீட்டர் ஏற்றம். சாரென் சாலை குறுகலானது, தளமும் கரடுமுரடு. 2013-இல் ஒரே நாளில் அல்ப் துவேஸை இரண்டு முறை ஏறியபோது, வீரர்கள் இந்தச் சாலையில்தான் இறங்கினார்கள். அந்த இறக்கம் ஆபத்தானது என்று அப்போதே சிலர் குரல் எழுப்பினார்கள். இப்போது அதே பக்கத்தை ஏறப் போகிறார்கள். மூன்று வாரக் களைப்போடு, முந்தைய நாளின் வலியோடு, நான்காவது மலையாக அதை ஏறுவதை எண்ணிப் பாருங்கள்.

1979-இலும் அடுத்தடுத்த இரண்டு நாள் அல்ப் துவேஸில் முடிந்தன. முதல் நாள் போர்ச்சுகலின் ஜோவாகிம் அகோஸ்தினோ வென்றார், மறுநாள் நெதர்லாந்தின் யோப் சூட்டமெல்க். வறட்சி என்று நான் சொல்லமாட்டேன். கடைசி இரண்டு நாள்களில் இவ்வளவு பாரத்தை ஏற்றியதால், இரண்டாவது வாரத்தில் யாரும் துணிந்து தாக்காமல் பதுங்கிவிடுவார்களோ என்ற கவலை மட்டும் எனக்கு உண்டு.

லாஸ்பேட்டை கல்லூரி மாணவர்: அண்ணா, நம் ஊரில் மலையே இல்லை. 8 சதவீத ஏற்றம் என்றால் எப்படிப் புரிந்துகொள்வது?

தம்பி, நூறு மீட்டர் சாலை போனால் எட்டு மீட்டர் உயரம். நமக்குத் தெரிந்த ஏற்றமெல்லாம் மேம்பாலம்தான், அதுவும் மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும். அதை முடிவே இல்லாமல் 13.8 கி.மீ. நீட்டிப் பார். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. எண்ணிக்கையில் அல்ப் துவேஸைவிட ஒன்றுதான் குறைவு, ஆனால் ஏற்றம் அதைவிடத் தணிவானது. இந்த ஆண்டுப் பாதையின் மிக உயரமான இடம் கலிபியே, 2,642 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஊட்டிக்குப் போயிருக்கிறாய் அல்லவா? தொட்டபெட்டா உச்சியில் நாலு படி ஓடி ஏறினாலே மூச்சு முட்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. அங்கேதான் அவர்கள் முழு வேகத்தில் மிதிக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமதளத்தில் முன்னால் போகிறவரின் முதுகை ஒட்டிப் போனால் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைவதால் அந்த மிச்சம் கரைந்துவிடுகிறது. அதனால்தான் மலையில் அணிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடிவதில்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர்: முதல் நாளே அணி டைம் டிரையல். பலவீனமான அணியில் இருக்கும் நல்ல வீரருக்கு இது அநியாயம் ஆகாதா?

அணி டைம் டிரையல் என்றால் ஒவ்வொரு அணியும் தனித்தனியாகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடுவது. பழைய விதியாக இருந்தால் அநியாயம்தான். வழக்கமாக நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கோட்டைத் தாண்டுபவரின் நேரம்தான் அணி முழுவதற்கும் எழுதப்படும். பார்சிலோனாவில் அப்படி இல்லை. அணியில் முதலில் வருபவரின் நேரத்தைக் கொண்டு கட்டத்தின் வெற்றியை முடிவு செய்வார்கள், ஆனால் மொத்தப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் அவரவர் நேரம். தொலைவும் சுமார் 19 கி.மீ.தான், முடிவு மோன்ஜுயிக் மேட்டில். கடைசி மேட்டில் தலைவர் தன் ஆட்களை விட்டுவிட்டுத் தனியாகப் பாயலாம். நியாயமான ஏற்பாடு.

அதே நண்பர்: தனிநபர் டைம் டிரையல் வெறும் 26 கி.மீ. அதை வைத்து என்ன மாறிவிடும்?

குறைந்த தொலைவு என்பதால் தள்ளிவிடாதீர்கள். 2023-இல் கோம்ப்லூ டைம் டிரையல் 22 கி.மீ. சொச்சம்தான். அதில் டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோர், ஸ்லோவேனியாவின் ததேய் போகச்சாரைவிட 1 நிமிடம் 38 நொடி முந்தினார். அந்த ஆண்டுப் பந்தயம் அன்றே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

என் குறை வேறு. எவியானிலிருந்து தோனோன் போகும் இந்தப் பாதையும் மேடு பள்ளமாகத்தான் இருக்கிறது. ஏரிக்கரை ஊர்கள் இரண்டையும் இணைக்கும்போது, ஏரியை ஒட்டிச் சமதளத்தில் 45 கி.மீ. வைத்திருக்கலாம். டைம் டிரையலில் வல்லவரான ரெம்கோ எவனபூல் போன்றவர்கள் மலையில் இழப்பதை மீட்க ஒரு நாளாவது வேண்டாமா? 1989-இல் கிரெக் லெமாண்ட், லோரான் ஃபின்யோனை வெறும் 8 நொடியில் தோற்கடித்தது பாரிசில் கடைசி நாள் டைம் டிரையலில்தான். இரு வகை ஆற்றலும் மோதினால்தான் அப்படி ஒரு முடிவு கிடைக்கும். மலையேறுபவர்களுக்கே எல்லா நாளையும் கொடுத்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

கோட்டக்குப்பத்திலிருந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் ஓட்டுபவர்: காற்று இந்தப் பாதையில் எங்காவது விளையாடுமா?

நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். மரக்காணம் நோக்கிப் பிற்பகலில் போகும்போது வலப்பக்கமிருந்து கடற்காற்று தள்ளுமே, அப்போது நேர் பின்னால் போனால் பயனில்லை, சற்று இடப்புறம் ஒதுங்கினால்தான் மறைவு கிடைக்கும். ஒருவருக்கு ஒருவர் அப்படி ஒதுங்க ஒதுங்க, வரிசை சாலையின் குறுக்கே சாய்கிறது. சாலையின் அகலம் தீர்ந்ததும் மிச்சமுள்ளவர்கள் சாலையோரத்தில் காற்றில் தனித்து விடப்படுகிறார்கள். அங்கேதான் கூட்டம் துண்டாகிறது. மலையில்லாமலே ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பறிபோகும்.

இந்த ஆண்டு அதற்கு வாய்ப்பு குறைவு. கடலோரப் பகுதிகளான பிரெத்தாஞ் கிடையாது, நோர்மாந்தி கிடையாது, வடக்கே காற்று வீசும் திறந்த வெளிகளும் கிடையாது. கத்தலோனியாவில் தொடங்கி, போர்தோ நகரையும், பிரனீஸ், நடுமலைகள், வோஜ், ஜுரா, ஆல்ப்ஸ் என்று ஐந்து மலைத்தொடர்களையும் தொட்டுக்கொண்டு பாரிசுக்குத் தாவுகிறது. கடலோரத்தில் பிறந்து காற்றோடு போராடிப் பழகியவன் நான். இந்தப் பாதையில் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான்.

வில்லியனூர் அன்பர்: ஜூலை 14 அன்று என்ன கட்டம்?

ஓய்வு நாளுக்கு மறுநாள், ஒரியாக்கிலிருந்து லெ லியோரான். நடுமலைப் பகுதியில் ஓயாத ஏற்ற இறக்கம். 2024-இல் இதே லெ லியோரானில்தான் விங்கெகோர், போகச்சாரைக் கடைசிப் பாய்ச்சலில் வென்றார். ஜூலை 14 பிரான்சின் தேசிய நாள். அன்று நம் கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் விளக்குகள் எரியும், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் பதக்கங்களோடு வந்து நிற்கும். அந்த மாலையில் ஒரு பிரெஞ்சு வீரர் வென்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்! தேசிய நாளில் கடைசியாக வென்ற பிரெஞ்சு வீரர் வாரன் பார்கில், 2017-இல். பந்தயத்தையே கடைசியாக வென்ற பிரெஞ்சுக்காரர் பெர்னார் இனோ, 1985-இல்.

அரியாங்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி: ஆண்களின் பாதையைப் பற்றியே பேசுகிறீர்களே, பெண்களின் பந்தயம்?

நியாயமான கேள்வி அம்மா. ஆகஸ்ட் 1 அன்று சுவிட்சர்லாந்தின் லோசானில் தொடங்கி ஆகஸ்ட் 9 அன்று நீஸில் முடிகிறது. ஒன்பது கட்டங்கள். ஏழாவது கட்டத்தில் மோன் வான்தூ, பெண்கள் டூரில் முதல் முறையாக. உச்சிப் பகுதியில் மரமே இல்லாத வெள்ளைக் கல் மலை அது. வெயிலும் காற்றும் நேரடியாக முகத்தில் அறையும். 2025-இல் வென்ற பொலின் ஃபெரான்-பிரெவோ அங்கே என்ன செய்கிறார் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

பண்ருட்டி நண்பர்: பாதை எப்படி இருந்தால் என்ன? போகச்சார் வெல்லப் போகிறார். எதற்கு இவ்வளவு வாக்குவாதம்?

2020, 2021, 2024, 2025 என்று நான்கு முறை வென்றவர். ஐந்தாவது வந்தால், ஐந்து முறை வென்றவர்களான ஆங்கத்தில், மெர்க்ஸ், இனோ, இந்துராயின் ஆகியோர் வரிசையில் உட்காருவார். அவர்தான் முன்னணியில் இருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் 2022-இல் கிரனோன் கணவாயில் அவர் உடைந்ததற்குப் பாதையும் ஒரு காரணம். தெலெகிராஃப், கலிபியே பகுதியில் விங்கெகோரின் அணி மாறி மாறித் தாக்கி அவரைக் களைப்படைய வைத்தது. ஒற்றை மலை நாளில் அது நடந்திருக்காது. நெடிய, பல கணவாய் கொண்ட நாள்தான் அவருக்கு எதிரான ஒரே ஆயுதம். 20-ஆம் கட்டத்தில் அதே தெலெகிராஃப், அதே கலிபியே மீண்டும் வருகின்றன. சொலேசோன் பீடபூமியையும் மறக்க வேண்டாம்: 15-ஆம் கட்டத்தின் முடிவு, சுமார் 11 கி.மீ., ஏறத்தாழ 9 சதவீதம். 2022 டோஃபினே பந்தயத்தில் அங்கே முதலில் வந்தவர் விங்கெகோர். அல்ப் துவேஸ் உச்சியிலோ போகச்சார் இதுவரை டூரில் வென்றதில்லை.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: வேலைக்குப் போகிறவன் நான். ஒரே ஒரு நாள்தான் முழுதாகப் பார்க்க முடியும். எந்த நாள்?

ஜூலை 25, சனிக்கிழமை. பிரான்சைவிட நாம் மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், அதனால் கடைசி ஏற்றம் நமக்கு இரவு நேரத்தில்தான் வரும்.

2022 ஜூலை 14 அன்று, கிரெனோபிலில் குடியிருக்கும் என் அத்தை மகனோடு அல்ப் துவேஸின் ஏழாவது வளைவில் நின்றேன். அங்கே வளைவுகளுக்கு மேலிருந்து கீழாக எண்ணிட்டிருப்பார்கள், ஏழாவது நெதர்லாந்து ரசிகர்களின் இடம். ஆரஞ்சுச் சட்டைக் கூட்டத்தில் கைக்கெட்டும் தூரத்தில் பிரிட்டிஷ் வீரர் டாம் பிட்காக் தனியாகக் கடந்து போனார். அன்று அவரே வென்றார். ஆனால் என் நினைவில் நிற்பது அவரல்ல. வெகுநேரம் கழித்து, நேர வரம்புக்குள் வந்துவிடவேண்டும் என்று ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு வந்த கடைசிக் கூட்டம்தான். உப்புப் பூத்த சட்டைகள், ஒரு வார்த்தை பேசாத முகங்கள். சாரென் சாலையில் அந்தக் கூட்டம் எவ்வளவு பின்னால் வரும் என்று இப்போதே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் வீரர் கோட்டைத் தாண்டியதும் தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள்.