ஓடுபாதை ஓரத்துப் புல்லை ஏன் மொட்டையாக வெட்டுவதில்லை?

கேட்டவர் பம்மல்காரர். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். ஓடுபாதையின் இரண்டு பக்கமும் இவ்வளவு புல்லை ஏன் விட்டு வைக்கிறார்கள், தரையோடு வெட்டிவிட்டால் பறவையே வராதே, விமானத்தில் மோதுகிற பயமும் இருக்காதே என்று கேட்கிறார்.

நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் அந்த வேலைக்குப் போனேன். விவசாய டிப்ளமோ முடித்தவன். வேறு ஊரில் ஒரு விமான நிலையத்தில் புல் பராமரிப்பு ஒப்பந்தத்தில் நான்கு வருடம் மேற்பார்வை பார்த்தேன், ஊர் பெயர் வேண்டாம். இப்போது வீடு பொழிச்சலூரில்.

நேரடியாகச் சொல்கிறேன். ஒட்ட வெட்டினால் பறவை கூடத்தான் செய்யும். ஆள்காட்டி, மைனா, கொக்கு எல்லாம் தரையில் நடந்து மேய்கிற ஜாதி. புல் கட்டையாக இருந்தால் புழு பூச்சி கண்ணுக்கு நன்றாகத் தெரியும், அலகுக்கும் எட்டும். நாயோ கீரியோ வந்தால் தூரத்திலேயே பார்த்துப் பறந்துவிடலாம். அதே புல் ஒரு சாண் உயரத்துக்கு அடர்த்தியாக நின்றால், தலையை உள்ளே விட்டு மேயும்போது சுற்றிலும் ஒன்றும் தெரியாது. பயத்திலேயே வேறு இடம் பார்த்துப் போய்விடும். இங்கிலாந்தில் இதை வைத்துத்தான் விமானத் தளங்களில் புல்லை 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை வளர்த்துப் பராமரிக்கும் வழக்கம் வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று மைதானம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு டிராக்டர் வைத்து மூன்று நாளில் மொட்டையடித்தோம். நான்காம் நாள் ராத்திரி நல்ல மழை. விடிந்து போய்ப் பார்த்தால் அந்தப் பச்சை முழுக்க வெள்ளை வெள்ளையாக உண்ணிக்கொக்கு, நடுநடுவே ஆள்காட்டி, ஓடுபாதையின் சிமெண்ட் மேல் ஊர்ந்து வந்த மண்புழுவைக் கொத்த மைனாக் கூட்டம். அன்று காலை முதல் விமானம் கிளம்புவதற்குள் வெடி போட்டே பையன்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஒரு கொக்கு அடிபட்டது, நல்லவேளை சக்கரத்தில். அதை எடுத்து வந்து வயிற்றைக் கீறிப் பார்த்தோம் (அடிபட்ட பறவை என்ன தின்றிருக்கிறது என்று பார்ப்பது இந்த வேலையில் முக்கியம்). உள்ளே ஒரு கைப்பிடி வெட்டுக்கிளி, சிலவற்றுக்குக் கால்கூட ஒடியவில்லை, பச்சை நிறம் அப்படியே இருந்தது. நாங்கள் வெட்டியதால்தான் அது அங்கே வந்தது என்பது அந்த உள்ளங்கை அளவு பூச்சியைப் பார்த்தபோது எனக்கு உறைத்தது. இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

டிராக்டர் ஓட்டிய அண்ணன் அதை முன்பே சொல்லியிருந்தார்: "தம்பி, கொக்கு என் வண்டி பின்னாடி வரல. வண்டி கிளப்பி விடுற வெட்டுக்கிளி பின்னாடி வருது." வயலில் ஏர் ஓட்டும்போது பின்னால் கொக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவர்.

அதற்காக இங்கிலாந்துக்காரன் அளவை அப்படியே கொண்டுவந்து நம் ஊரில் வைக்கவும் முடியாது. இதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் புல் குளிர்தேசத்துப் புல், நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். நம் அருகம்புல் தரையோடு படரும். அதை உயர விட்டால் அருகு உயராது, இடையில் இருக்கிற கோரையும் களையும்தான் உயரும், அதுவும் திட்டுத்திட்டாக. கதிர் விட்டால் தினைக்குருவி கூட்டமாக இறங்கும். இன்னும் விட்டால் அடியில் எலி வளை தோண்டும். எலி வந்தால் பகலில் பருந்து, ராத்திரி கூகை. கொக்கைத் தவிர்க்கப் போய்ப் பருந்தைக் கூப்பிட்ட கதை ஆகிவிடும். ஓடுபாதை ஓர விளக்குகளையும் பலகைகளையும் புல் மறைத்துவிடக் கூடாது என்பது தனி. அதனால் எந்த நிலையத்துக்கும் அங்கே எந்தப் பறவை வருகிறது, அது எதைத் தின்கிறது என்று வருடம் முழுக்கக் குறித்து வைத்துத்தான் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். நான் ஸ்கேலை மண்ணில் ஊன்றி வாரம் இருமுறை அளந்து நோட்டில் எழுதியிருக்கிறேன், முட்டி தேய்கிற வேலை.

புல்லே வேண்டாம், வெறும் மண்ணாக விடலாமே என்று கேட்பீர்கள். மண்ணும் சிறு கல்லும் பறந்து இன்ஜினுக்குள் போகும், மழைக்கு அரித்து ஓடும். புல்தான் மண்ணைப் பிடித்து வைக்கிறது.

உயரத்தைவிட எப்போது வெட்டுகிறோம் என்பது முக்கியம் என்றுகூடச் சொல்வேன். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த ஈரத்தில் புல் கண்ணெதிரே வளரும், மண்புழு மேலே வரும், மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பினால் கரிச்சான், காகம், பருந்து எல்லாம் ஒரே இடத்தில். அந்த நாட்களில் வெட்டப் போவது பந்தி விரித்துக் கூப்பிடுவது மாதிரி. மழைக்கு முன்பே, பூச்சி பெருகுவதற்குள், கதிர் விடுவதற்குள் ஒரு சுற்று முடித்துவிட வேண்டும். நாங்கள் பிற்பாடு ஓடுபாதைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து வெளிவேலியை நோக்கி வெட்டினோம், கிளம்புகிற பூச்சியும் அதன் பின்னால் பறவையும் வெளிப்பக்கமாக நகரட்டும் என்று. வெட்டிய புல்லை அன்றே வாரி வண்டியில் ஏற்றிவிடுவோம். கிடந்து மக்கினால் அதுவே புழுவுக்கு வீடு.

நியூசிலாந்தில் இன்னொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். புல்லுக்குள்ளேயே வாழும் ஒருவகைப் பூஞ்சை, அது சுரக்கிற பொருளால் பூச்சி குறையும், தின்கிற பறவைக்கும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் அதுவும் குளிர்ப் பிரதேசப் புல்லில்தான். அருகம்புல்லில் அப்படி ஒன்று வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நானாக இருப்பேன்.

சரி, ஒரு பறவைக்கு இவ்வளவு பயமா என்றால், கணக்கு இதுதான். பருந்து 700 கிராம் என்று வையுங்கள். கிளம்புகிற விமானத்தின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர். அந்த மோதலின் ஆற்றல், 50 கிலோ அரிசி மூட்டையை மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வருவதற்குச் சமம். அதுவும் ஒரே புள்ளியில். 1960-ல் பாஸ்டனில் கிளம்பிய விமானம் ஒன்று உள்ளங்கைக்குள் அடங்குகிற மைனா இனத்துப் பறவைக் கூட்டத்தில் மாட்டி விழுந்ததில் 62 பேர் போனார்கள்.

இப்போது பம்மலுக்கு வருகிறேன். உள்ளே புல்லை எவ்வளவு ஒழுங்காக வைத்தாலும், நம் பக்கத்துப் பருந்துக்குச் சாப்பாடு வெளியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் நின்று பாருங்கள். கோழிக்கடைக் கழிவு மூட்டை எங்கே விழுந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே பருந்து வட்டம் போடும், வெயிலில் எழும் சூடான காற்றில் சிறகை அசைக்காமலே மேலே மேலே ஏறும், விமானம் இறங்கி வரும் உயரத்துக்கு. இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் போட்டுத்தான் நீண்டிருக்கிறது, ஆற்றோரம் குப்பை கொட்டினால் எவ்வளவு பக்கம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 1937-ஆம் வருடத்து விமான விதிகளில் 91-ஆவது விதி, விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் பறவையை ஈர்க்கும் விதமாகக் கழிவு கொட்டுவதையும் விலங்குகளை அறுப்பதையும் தடை செய்தது. பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான்.

உங்கள் பகுதி இப்போது தாம்பரம் மாநகராட்சி. மூட்டை கிடக்கிற இடத்தைப் படம் எடுத்து, எந்தக் கிழமை, எத்தனை மணி, மேலே எத்தனை பருந்து என்று எழுதிக் கொடுங்கள். வெறுமனே "நாற்றம் அடிக்கிறது" என்று போகிற மனுவைவிட இதற்கு மதிப்பு அதிகம். நான் எங்கள் தெருவுக்காக ஆறு வாரம் அப்படி எழுதினேன், ஏழாவது வாரம் அந்தக் காலி மனைக்கு வேலி போட்டார்கள்.